சிறையில் இருப்பவருக்குக் கடிதம் எழுதுவது எப்படி? (கேப்பர் மலை, காலாப்பட்டு)

மஞ்சக்குப்பம்_வாசகன்
எல்லாருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பொங்கலுக்கு முன்னால் கடலூர் மத்திய சிறையில் இருப்பவர்களுக்கும் புதுச்சேரியின் காலாப்பட்டுச் சிறையில் இருப்பவர்களுக்கும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று முடிவு. எங்களில் இரண்டு பேருக்கு மட்டும் உறவுக்காரர் உள்ளே இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு யாரையும் தெரியாது. முகவரி எப்படி எழுதுவது, கவரில் என்ன வைக்கலாம், என்ன எழுதலாம், எதைத் தொடவே கூடாது? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை
முதலில் ஒன்று. கடலூரும் காலாப்பட்டும் ஒரே சாலையில் இருந்தாலும் இரண்டும் வேறு நிர்வாகம். கடலூர் சிறை இருக்கும் கேப்பர் மலைக்குத் தமிழ்நாடு சிறை விதிகள் 1983. காலாப்பட்டு புதுச்சேரி அரசின் கீழ். இங்கே வாசலில் சொன்னதை அங்கே போய் "அவங்க விட்டாங்களே" என்று பேச முடியாது. இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள்.

உறவுக்காரருக்கு எழுதும் இருவர் இப்படிப் போடலாம்: பெயர், தகப்பனார் பெயர், சிறை எண், தெரிந்தால் அடைத்திருக்கும் தொகுதி (பிளாக்). அதற்குக் கீழே "மேற்பார்வை: கண்காணிப்பாளர், மத்திய சிறை, கேப்பர் மலை, கடலூர் – 607 004". காலாப்பட்டு என்றால் "மத்திய சிறை, காலாப்பட்டு, புதுச்சேரி – 605 014". தகப்பனார் பெயர் விட்டுப் போனால்தான் சிக்கல் அதிகம். ஒரே சிறையில் மணிகண்டன் ஐந்து பேர், சக்திவேல் நாலு பேர் இருப்பார்கள். எண்ணும் இல்லை, அப்பா பெயரும் இல்லை என்றால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எண்ணை மனு பார்க்கப் போகும்போது, அதாவது மனு கொடுத்து அவரை நேரில் சந்திக்கப் போகும்போது, கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணைக் காவலில் இருக்கும்போது ஒரு எண், தண்டனை ஆனதும் வேறு எண். தீர்ப்பு வந்த பிறகும் பழைய எண்ணிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். கடிதம் ஏன் சேரவில்லை என்று பிறகு திகைப்பார்கள்.

உள்ளே போகும் கடிதம் எல்லாம் பிரிக்கப்பட்டுப் படிக்கப்பட்ட பிறகே கைக்குப் போகும். வழக்கு, சாட்சி, கூட இருந்தவர் பெயர், பணம் யாரிடம் இருக்கிறது, வக்கீல் என்ன சொன்னார் – எதுவும் கூடாது. நிறுத்திவைப்பார்கள். அதைவிட மோசம், அந்தக் கடிதமே பின்னால் வழக்கில் வந்து நிற்கலாம். வழக்குச் சமாச்சாரம் வக்கீல் வழியாக மட்டும் போகட்டும்.

ரங்கப்பிள்ளை_தெரு
தபால் பக்கத்தை நான் சொல்கிறேன். மூன்று வழி: தபால் கார்டு 50 காசு, இன்லேண்ட் (மடித்து ஒட்டும் கடிதத் தாள்) ₹2.50, சாதாரண கவர் 20 கிராம் வரை ₹5, அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும் இன்னொரு ₹5.

இன்லேண்டுக்குள் எதையும் வைக்கக் கூடாது. குழந்தை போட்டோவை மடித்து உள்ளே சொருகி ஒட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அது இன்லேண்டே அல்ல, கட்டணம் போதாத தபால். குறைகிற தொகையைப் போல இரண்டு மடங்கைப் பெறுபவரிடம் கேட்பார்கள். பெறுபவர் இருப்பது சிறைக்குள். யார் கட்டுவது? திரும்பி வரும்.

கவர் என்றால் எடைக் கணக்கு: ஏ4 தாள் ஒன்று சுமார் 5 கிராம். கவர் 4, 5 கிராம். 4க்கு 6 அளவு போட்டோ ஒன்று 4 கிராம். இரண்டு தாள், ஒரு போட்டோ, ஒரு கவர் – 19 கிராம். அதுதான் ஐந்து ரூபாயின் எல்லை. மூன்றாவது தாள் வைத்தால் பத்து ரூபாய்க்கு ஒட்டுங்கள்.

அனுப்புநர் முகவரி கட்டாயம். சிறை மாற்றி அனுப்பியிருந்தாலோ ஜாமீனில் போயிருந்தாலோ கடிதம் உங்களுக்கே வரும். முகவரி இல்லாவிட்டால் திரும்பிய கடிதங்களுக்கான அலுவலகத்துக்குப் போய்விடும், அத்தோடு சரி.

2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. "ரிஜிஸ்தர் போடணும்" என்று கவுன்டரில் நின்றால் விரைவுத் தபால்தான் போடுவார்கள். மாதா மாதம் எழுதும் கடிதத்துக்கு அது தேவையில்லை. சிறை வாசலில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வந்துவிட்டால் அவர் கைக்குப் போய்விட்டது என்று அர்த்தமும் இல்லை.

முந்திரித்தோப்பு
பேனா விஷயம் யாரும் சொல்லவில்லை. நீலம் அல்லது கறுப்பு பால்பாயின்ட். ஜெல் பேனா வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கத்துத் தபால் பை நனையாமல் வருவது அபூர்வம். ஜெல் மை முழுக்கப் பரவிவிடும். பென்சில் உரசி அழியும், அதுவும் ஒரே கடிதத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்து மடிப்பவர் கையில்.

ஸ்டேப்ளர் பின், குண்டூசி, செலோ டேப், ஸ்டிக்கர், ஜிகினா, சென்ட், விபூதிப் பொட்டலம், காசு எதுவும் வைக்காதீர்கள். விபூதி வைத்து அனுப்பத் தோன்றுவது இயல்புதான். வாசலில் அது பொடி வந்த பொட்டலம் மட்டுமே, கடிதத்தையும் சேர்த்து நிறுத்திவிடும். மியூசிக்கல் வாழ்த்து அட்டையில் பேட்டரி இருக்கிறது, அதுவும் வேண்டாம். பாட்டு வரிகளை எழுதி அனுப்பலாம், சங்கேதம் மாதிரித் தெரிகிற எண், குறி, சுருக்கெழுத்து மட்டும் கூடாது.

காலாப்பட்டு_காற்று
புதுச்சேரிக்கே உரிய ஒன்று. இங்கே காரைக்கால், மாகே, ஏனாம்காரர்களும் வந்து இருப்பார்கள். ஏனாம் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். மனு பார்க்க வருவது அந்த வீட்டுக்கு இரண்டு நாள் கூலியும் ரயில் செலவும். அவர்களுக்குக் கடிதம்தான் முக்கால்வாசி உறவு. தெலுங்கிலோ மலையாளத்திலோ எழுதினால் படித்துப் பார்க்க ஆள் வேண்டும், தாமதம் ஆகும். அதற்காகத் தமிழில் எழுதச் சொல்ல மாட்டேன், அம்மா மொழியில்தான் எழுத வேண்டும். நாள் கணக்கை மட்டும் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். தேதி இருக்கிற செய்தி என்றால் பத்து நாள் முன்னாலேயே.

இன்னொன்று: கடிதங்களுக்கு எண் போடுங்கள். மேலே மூலையில் "கடிதம் 7" என்று இருந்தால், 6 வரவில்லை என்று அவருக்கே தெரியும். இல்லாவிட்டால் வீட்டில் எழுதவே இல்லை என்று நினைத்துக்கொள்வார். பாதிக் கோபதாபம் இப்படித்தான் வருகிறது. அனுப்பும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் தொலைந்ததைத் திரும்ப எழுதி அனுப்பலாம்.

மஞ்சக்குப்பம்_வாசகன்
மிக்க நன்றி. கார்டு போதாதா? 50 காசுதானே, பன்னிரண்டு பேருக்கும் எளிது.

முந்திரித்தோப்பு
கார்டு வேண்டாம் தம்பி, ஒரு சமயம் தவிர. கார்டைத் தபால்காரர் முதல் உள்ளே பக்கத்துப் பாயில் படுப்பவர் வரை எல்லாரும் படிக்கலாம். வீட்டுச் சங்கதி அதில் கூடாது.

அந்த ஒரு சமயம் புயல், வெள்ளம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, அடுத்த நாட்களில் தென்பெண்ணைக் கரை ஊர்களில் தண்ணீர் புகுந்தது. உள்ளே டிவியில் ஊர் பெயர் ஓடும். வீடு இருக்கிறதா, யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. அப்போது நீண்ட கடிதம் எழுத உட்காராதீர்கள். அன்றைக்கே ஒரு கார்டு: "எல்லோரும் நலம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. மாடு இரண்டும் மேட்டில் கட்டியிருக்கிறோம். விவரம் பிறகு." இது போதும். கார்டு பல தபால் நிலையங்களில் எப்போதும் கிடைக்காது, பத்து வாங்கி வீட்டில் வைத்திருங்கள்.

வண்டிப்பாளையம்
சட்டப் பக்கம் சுருக்கமாக. கடிதம் என்பது சிறை நிர்வாகம் போடும் பிச்சை இல்லை. டெல்லி திகார் சிறையில் சக கைதி சித்திரவதைப்பட்டதைச் சொல்லி சுனில் பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் அமர்வு தீர்ப்பு சொன்னது. வெளி உலகத் தொடர்பும் சிறைவாசியின் உரிமையோடு சேர்ந்தது என்பது அதிலிருந்து வளர்ந்த வழி. மத்திய அரசின் மாதிரிச் சிறைக் கையேடு 2016, உள்ளே வரும் கடிதங்களுக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அவர் வெளியே எழுதுவதற்கு வரம்பு உண்டு. ஆகவே நீங்கள் மாதம் நாலு எழுதி அவரிடமிருந்து ஒன்று வந்தால், அவருக்கு அக்கறை இல்லை என்று கணக்குப் போடாதீர்கள்.

குண்டர் சட்டத்தில் (1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டம்) உள்ளவருக்கும் எழுதலாம். காவல் அதிகபட்சம் ஓராண்டு. அந்தத் தடுப்புக் காவலை எதிர்த்துக் கொடுக்கும் முறையீடு வேறு, அன்புக் கடிதம் வேறு. இரண்டையும் ஒரே கவரில் வைத்தால் இரண்டும் தேங்கும். வக்கீல் இல்லை என்று பதிலில் எழுதினால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைச் சொல்லுங்கள். காவலில் இருக்கிற எவருக்கும் இலவசம், எண் 15100.

கெடிலக்கரை
இனி என்ன எழுதுவது. எல்லாரும் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

"கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடியும்" என்ற வரி உள்ளே இருப்பவருக்கு எந்த வேலையும் செய்யாது. படித்த நொடியில் தீர்ந்துவிடும். அவருக்கு வேண்டியது தான் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற வீட்டைக் கண்ணால் பார்க்கிற அளவுக்கு விவரம். "பின்பக்கத்துப் பலாவில் பதினோரு பிஞ்சு. அடிமரத்தில் இருக்கிற நாலை விட்டுவிட்டு மீதியைக் கழித்துவிட்டோம்." "பாகூர் ஏரி மதகு வியாழக்கிழமை திறந்தார்கள், நம் வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்." "பாப்பா வாசல் நிலையில் போட்ட கோட்டைத் தாண்டி இரண்டு விரல் வளர்ந்திருக்கிறாள்." இதைப் படித்தவர் அன்று இரவு அந்த வாய்க்காலில் நடந்து பார்ப்பார்.

ஜாமீன் தேதி சொல்லாதீர்கள். "அடுத்த வாய்தாவில் வந்துவிடுவாய்" என்று எழுதி, வாய்தா தள்ளிப் போனால், அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்துப் பார்த்து நோவார். "எப்போ வருவே?" என்று குழந்தையை எழுத வைக்காதீர்கள். குழந்தை கேட்கும்தான். அதற்குப் பதில் அவர் கையில் இல்லை. படம் வரையச் சொல்லுங்கள், ரேங்க் கார்டு மதிப்பெண்ணை அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

"ஏன் இப்படிப் பண்ணினே?" வேண்டாம். அறிவுரை வேண்டாம்.

கேள்வி இரண்டு போதும். பதில் எழுத எளிதான கேள்வியாக இருக்கட்டும்: "அந்தக் கிணற்று மோட்டாருக்கு எந்த அளவு வாஷர் போட்டே?" தான் இன்னும் வீட்டுக்குத் தேவைப்படுகிற ஆள் என்று வாஷர் அளவு கேட்டால் தெரிந்துவிடும். தனியாகச் சொல்ல வேண்டாம்.

காலாப்பட்டு_காற்று
கெடிலக்கரை அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். கெட்ட செய்தியை மறைப்பதா, சொல்வதா? பல வீட்டில் மறைக்கிறார்கள். அம்மா படுக்கையில் இருப்பதை ஆறு மாதம் சொல்லாமல் விட்டு, ஒரு நாள் மனு பார்க்க வந்த சித்தப்பா வாய் தவறிச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு வீட்டிலிருந்து வரும் எந்த நல்ல செய்தியையும் அவர் நம்ப மாட்டார். என் கருத்து, சொல்ல வேண்டும்.

முந்திரித்தோப்பு
சொல்லலாம், ஆனால் மொட்டையாகச் சொல்லக் கூடாது. "அம்மாவுக்குச் சர்க்கரை 280" என்று எழுதி அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தால் அந்த மனுஷன் என்ன செய்வார்? எழுந்து போய்ப் பார்க்கவும் முடியாது. "சர்க்கரை 280 இருந்தது. மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். செல்வி கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள். பதினைந்து நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கணும், பார்த்ததும் எழுதுகிறேன்." சொன்ன பதினைந்து நாளில் அந்தக் கடிதம் போயே ஆக வேண்டும்.

சாவுச் செய்தியைக் கடிதத்தில் அனுப்பவே கூடாது. கடிதம் நாலைந்து நாள் கழித்துப் போகும், அதற்குள் காரியம் முடிந்திருக்கும். சிறைக்கு நேரில் போய், நல அலுவலரையோ ஜெயிலரையோ பார்த்துச் சொல்லுங்கள். இறப்புக்கான சான்று கையில் இருக்கட்டும்.

வண்டிப்பாளையம்
அக்கா சொன்னதற்கு ஆதாரம்: தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள் 1982. நெருங்கிய உறவினர் இறப்புக்குத் தண்டனைக் கைதிக்கு அவசர விடுப்பு கேட்கலாம். விசாரணைக் கைதி என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும், வக்கீலை உடனே பிடியுங்கள். தபாலில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் இந்த வழி அடைந்துபோகும். காலாப்பட்டுக்குப் புதுச்சேரி விதிகள்.

ரங்கப்பிள்ளை_தெரு
ஒரு கேள்வி எனக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால்?

கெடிலக்கரை
உடன் இருப்பவர் படித்துக் காட்டுவார், அல்லது நல அலுவலர் வழியாக. அதை நினைத்தே எழுத வேண்டும். கணவன் மனைவிக்குள் உள்ள பேச்சு இன்னொருவர் வாயால் உரக்கப் படிக்கப்படும். அந்தப் பேச்சை மனு பார்க்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியம் சிறியதாக, பேசுகிற மாதிரி. எழுத்து பெரியதாக, வரிக்கு வரி இடம் விட்டு. அச்சடித்த ஆத்திசூடி ஏட்டு எழுத்து அளவுக்கு எழுதினால், எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் மெல்ல மெல்லத் தானே படிக்கப் பார்ப்பார். போட்டோ வைத்தால் பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதுங்கள். ஆட்கள் கூட்டமாக நிற்கிற போட்டோ வேண்டாம், வழக்கில் சம்பந்தப்பட்டவர் முகம் அதில் இருந்தால் கேள்வி வரும்.

காலாப்பட்டு_காற்று
எத்தனை நாளுக்கு ஒன்று என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். கைதான முதல் மாதத்தில் வாரம் மூன்று கடிதம் போகும், மூன்றாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்றுமில்லை. இது மனதை ஒடிக்கும். பதினைந்து நாளுக்கு ஒன்று, ஒரு பக்கம், அதே கிழமையில் தபாலில் போடுங்கள். எழுத ஒன்றுமில்லாத வாரத்திலும் எட்டு வரி எழுதுங்கள். தபால் கொடுக்கிற நேரத்தில் தன் பெயர் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த எட்டு வரி போதும்.

அவரிடமிருந்து வரும் கடிதத்தில் "இனி என்னை மறந்துடுங்க", "பிள்ளையை நல்லா வளர்த்துடுங்க" மாதிரி வரி வந்தால் பதில் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே சிறைக்குப் போன் செய்து கண்காணிப்பாளரிடமோ நல அலுவலரிடமோ அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள். மறுநாள் நேரில் போங்கள். வீட்டில் இருப்பவர்களுக்குப் பேச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

மஞ்சக்குப்பம்_வாசகன்
உறவினருக்கு எழுதுவது தெளிவாகிவிட்டது. தெரியாதவர்களுக்கு எழுத நினைக்கும் மற்ற பத்துப் பேர்? பெயர்ப் பட்டியல் தருவார்களா?

கெடிலக்கரை
பட்டியல் கேட்காதீர்கள், அது சரியும் அல்ல. தான் உள்ளே இருப்பது ஊருக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர் நிறைய. கண்காணிப்பாளருக்கு வட்டத்தின் பெயரில் ஒரு மனு கொடுங்கள்: யார் நீங்கள், எத்தனை பேர், எவ்வளவு காலம் எழுதுவீர்கள், ஒரு மாதிரிக் கடிதம் இணைப்பு. மனு பார்க்க யாரும் வராதவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் நல அலுவலர் வழியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அனுப்புநர் முகவரி வட்டத்தின் முகவரியாக இருக்கட்டும். வீட்டு முகவரி, போன் எண் வேண்டாம். வேலை வாங்கித் தருகிறேன், வக்கீல் வைக்கிறேன், கல்யாணம், பணம் – எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். என்ன வழக்கு என்று கேட்காதீர்கள், அவராகச் சொன்னாலும் அதைப் பிடித்துக்கொண்டு எழுதாதீர்கள். "கைதி" என்ற சொல்லைக் கடிதத்துக்குள் எங்கும் போடாதீர்கள். இப்போது சிறைத்துறையே சிறைவாசி என்றுதான் சொல்கிறது. கடிதத்தில் அதுவும் வேண்டாம், "அன்புள்ள நண்பருக்கு" போதும்.

ஆறு மாதம் எழுத முடியாதவர் இதைத் தொடங்கவே வேண்டாம். யாருமே எழுதாத ஒருவருக்கு ஒரே ஒரு கடிதம் வந்து நின்றுபோவது, வராமல் இருந்ததைவிடக் கொடுமை. அப்படி எழுத முடியாதவர்கள் சிறை நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்கலாம். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே "கூண்டுக்குள் வானம்" என்று அரங்கு போட்டு நூலகத்துக்குப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றது. நெய்வேலிப் புத்தகக் காட்சியில் வாங்கிச் சேர்த்து வையுங்கள். கிழிந்தது, பாடநூல் மிச்சம், பழைய டைரி வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_வாசகன்
மாதிரிக் கடிதம் எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

"அன்புச் சகோதரரே, செய்த தவறை உணர்ந்து புதிய மனிதராக நீங்கள் வெளியே வர வாழ்த்துகிறோம். சிறையும் ஒரு பள்ளிக்கூடமே. தை பிறந்தால் வழி பிறக்கும். தைரியமாக இருங்கள். பொங்கல் வாழ்த்துகள்."

முந்திரித்தோப்பு
மனசு நல்ல மனசு தம்பி. ஆனால் இது போகக் கூடாது. இதைப் பெறுபவர் விசாரணையில் இருப்பவராக இருந்தால், தவறு செய்தார் என்று இன்னும் யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இன்னும் ஒன்பது வருடம் பாக்கி இருப்பவருக்குத் தை பிறந்து என்ன வழி பிறக்கும்? பள்ளிக்கூடம் என்று வெளியில் இருப்பவர் சொன்னால் கோபம்தான் வரும். அதோடு, இதில் நீங்கள் யார் என்பதே இல்லை.

மஞ்சக்குப்பம்_வாசகன்
புரிகிறது அக்கா. மறுபடி:

"அன்புள்ள நண்பருக்கு, வணக்கம். நான் கடலூர்க்காரன், நூலகத்தில் கூடும் வாசிப்பு வட்டத்தில் ஒருவன். உங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. பொங்கலுக்கு ஒரு வணக்கம் சொல்ல எழுதுகிறேன்.

இந்த வாரம் பனி கடுமை. காலை ஏழு மணி வரை கெடிலம் பாலத்தில் வண்டிகள் விளக்குப் போட்டுத்தான் போகின்றன. கரும்புக் கட்டு வந்து இறங்கிவிட்டது. கணு நெருக்கமாக இருக்கிறது என்று எங்கள் வீட்டில் திரும்பக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினார்கள்.

உங்கள் ஊரில் பொங்கல் பானையை வாசலில் வைப்பார்களா, முற்றத்திலா? விருப்பமிருந்தால் எழுதுங்கள். எழுதாவிட்டாலும் குறையில்லை. மாசி மகத்துக்கு முன் நான் இன்னொரு கடிதம் எழுதுவேன்."

முந்திரித்தோப்பு
இது போகலாம். கரும்பைத் திரும்பக் கொடுத்தது நன்றாக இருக்கிறது, அதை வெட்டிவிடாதீர்கள். எல்லாரும் இதையே பார்த்து எழுதாமல் அவரவர் தெருவை எழுதட்டும். பன்னிரண்டு கடிதமும் ஒரே நாளில் உள்ளே பிரிக்கப்படும், ஒரே வாசகம் என்றால் பெற்றவர்களுக்கும் தெரிந்துவிடும்.

ரங்கப்பிள்ளை_தெரு
தேதியும் கடித எண்ணும் போடவில்லை. மனு முதலில் போகட்டும், இப்போதே, அனுமதிக்கு நாள் பிடிக்கும். கடிதங்கள் ஜனவரி 5க்குள் தபாலில் விழுந்தால் பொங்கலுக்கு முன் கைக்குப் போகும். 10க்கு மேல் போட்டால் பண்டிகை விடுமுறையெல்லாம் கழித்துத்தான் பிரிப்பார்கள். கடலூர்க் கடிதங்களை மஞ்சக்குப்பம் தலைமைத் தபால் நிலையத்திலேயே போடுங்கள், தெருப் பெட்டியில் வேண்டாம்.

மஞ்சக்குப்பம்_வாசகன்
வட்டத்தில் கேட்டேன். ஆறு மாதம் எழுத ஏழு பேர் ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேர் புத்தகப் பக்கம். உறவினர் உள்ள இருவரும் எண் வாங்க இந்த வாரம் மனுவுக்குப் போகிறார்கள். கண்காணிப்பாளருக்கான மனுவை இன்றிரவு எழுதி இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.